ஒரு வேளைத் தீனியும் ஓராண்டுப் பல்லும்: தரை ஸ்லாத்துகளின் வாழ்க்கையைத் திரும்பக் கட்டுவது எப்படி?

1976 ஜூலையில், அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கின் மேற்குக் கோடியில் இருக்கும் ராம்பார்ட் குகையில் தீப்பிடித்தது. உள்ளே மரமோ விறகோ இல்லை. எரிந்தது லத்தி. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து, பாலைவனக் காற்றில் மக்காமல் காய்ந்து கிடந்த விலங்குக் கழிவு. அத்துமீறி உள்ளே போன யாரோ வைத்த தீ என்று கருதப்பட்டது. மாதக்கணக்கில் கனன்ற அந்தத் தீயில் குவியலின் பெரும்பகுதி சாம்பலாகிவிட்டது. பழம்விலங்குகளை ஆராய்கிறவர்கள் இதை இன்றும் ஒரு நூலகம் எரிந்ததைப் போலத்தான் பேசுகிறார்கள்.

தமிழில் பசு போட்டால் சாணம், ஆடு போட்டால் புழுக்கை, பறவைக்கு எச்சம், யானைக்கும் குதிரைக்கும் லத்தி. அந்தக் குகையில் இருந்தவை பிரித்தால் நார் நாராக வரும் பெரிய உருண்டைகள் என்பதால் லத்தி என்ற சொல்லே பொருந்துகிறது. அவற்றைப் போட்டது சாஸ்தா தரை ஸ்லாத் என்ற விலங்கு. அறிவியல் பெயர் நோத்ரோதெரியாப்ஸ் சாஸ்டென்சிஸ்.

தென் அமெரிக்கக் காடுகளில் மரக்கிளையில் தலைகீழாகத் தொங்கியபடி மெதுவாக நகரும் ஸ்லாத்தைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்போம். அதன் உறவுக்காரர்களில் பெரும்பாலானவை தரையில் நடந்தவை. எல்லாவற்றிலும் புகழ்பெற்றது மெகாதேரியம். 1780களின் இறுதியில் அர்ஜென்டினாவின் லுஹான் ஆற்றங்கரையில் கிடைத்த அதன் எலும்புகள் கப்பலேறி மாட்ரிட் போய்ச் சேர்ந்தன. அங்கே ஹுவான் பௌதிஸ்தா ப்ரூ என்பவர் அவற்றைக் கூட்டி முழு எலும்புக்கூடாக நிறுத்தினார். நேரில் பார்க்காமலே, படங்களை வைத்துக்கொண்டு, பாரிஸிலிருந்த ஜார்ஜ் குவியே 1796-இல் அது ஸ்லாத்தின் உறவு என்று அறிவித்தார். யானையளவு உடலும் ஸ்லாத்தின் பல்லும் உள்ள ஒன்றை அப்படிச் சொல்லத் துணிச்சல் வேண்டும். குழப்பம் எதிர்த்திசையிலும் நடந்தது. நம் ஊர்க் கரடியை 1790களில் ஜார்ஜ் ஷா என்ற ஆங்கிலேயர் ஸ்லாத் இனத்தில் சேர்த்துப் பெயரிட்டார். நீண்ட நகத்தைப் பார்த்து வந்த வினை. ஆங்கிலத்தில் அதன் பெயரோடு ஸ்லாத் என்ற சொல் இன்னும் ஒட்டிக்கொண்டிருப்பது அதனால்தான்.

இப்படி அழிந்துபோன ஒரு விலங்கைப் பற்றி மூன்று கேள்விகள் கேட்கலாம்: எப்போது வாழ்ந்தது, என்ன தின்றது, எப்படிப்பட்ட நிலத்தில் இருந்தது. மூன்றுக்கும் பதில் சொல்லும் பொருள்கள் லத்தி, எலும்பு, பல், முடி, தோல் ஆகியவைதான். ஆனால் ஒவ்வொன்றும் வெவ்வேறு நீளமுள்ள காலத்தைப் பற்றிப் பேசுகிறது. லத்தி ஒரு சில நாள் தீனியைச் சொல்லும். முடி சில மாதங்களை. பல் ஏறத்தாழ ஓராண்டை. எலும்பு பல ஆண்டுகளின் சராசரியை. இந்தத் துறையில் நடந்த பெரிய சண்டைகளில் பல, ஒன்று சொன்னதை மற்றொன்று சொன்னதாக எடுத்துக்கொண்டதால் வந்தவை என்பது என் கணிப்பு.

லத்தியிலிருந்தே தொடங்கலாம். ராம்பார்ட் குகை எரிவதற்கு முன்பே அதிலிருந்து நூற்றுக்கணக்கான மாதிரிகளை எடுத்து வைத்திருந்தார்கள். மேய்ச்சல் நிலத்து மாடும் மானும் என்ன தின்கின்றன என்று அறியச் சாணத்தை நுண்ணோக்கியில் பார்க்கும் முறை ஒன்று உண்டு. இலைத்தோலின் செல்கள் செடிக்குச் செடி வேறு வடிவில் இருக்கும். குடலைக் கடந்தும் அந்தத் தோல் கிழிசல்கள் அழிவதில்லை. ரிச்சர்ட் ஹான்சன் என்ற ஆய்வாளர் அதே முறையை ஸ்லாத் லத்தியில் பயன்படுத்தி 1978-இல் முடிவுகளை வெளியிட்டார். 72 பேரினத் தாவரங்கள் தென்பட்டன. பாதிக்கு மேல், 52 சதவீதம், பாலைவனக் குளோப்மாலோ என்ற குறுஞ்செடி. அது நம் துத்தி, வெண்டை, பருத்தி எல்லாம் சேர்ந்த குடும்பம். இலையைத் தடவினால் சொரசொரப்பாக இருப்பதற்குக் காரணமான நட்சத்திர வடிவ நுண்முடிகள் நுண்ணோக்கியில் சட்டென்று கண்ணில் படும். அடுத்து 18 சதவீதம் எபெட்ரா, இலையே இல்லாதது போலத் தோன்றும் கணுக்கணுவான புதர். மீதி உப்புப்புதர், வேல வகை, நாணல் என்று போகிறது.

லத்திக்கு இன்னொரு பெருமையும் உண்டு. அதன் வயதைக் கணிக்கையில் சுற்றிவளைத்து ஊகிக்க வேண்டியதில்லை. தாவரம் காற்றிலிருந்து கார்பனை எடுக்கும்போது கூடவே கதிரியக்கமுள்ள கார்பன்-14-ஐயும் கொஞ்சம் எடுத்துக்கொள்கிறது. இறந்தபின் அது குறைந்துகொண்டே போய் 5,730 ஆண்டுகளில் பாதியாகும். மரக்கட்டையை அளந்தால் மரம் வளர்ந்த காலம் தெரியும், அதை மனிதர் வெட்டி எரித்த காலம் தெரியாது. லத்தியில் இருப்பதோ பெரும்பாலும் அந்தப் பருவத்துத் தழை. தழை முளைத்ததும் ஸ்லாத் மேய்ந்ததும் ஏறத்தாழ ஒரே காலம். வில்லர்ட் லிபி 1949 வாக்கில் இந்த முறையை உருவாக்கி முதன்முதலில் அளந்த பொருள்களின் வரிசையில், நெவாடா மாநிலத்து ஜிப்சம் குகையின் ஸ்லாத் லத்தியும் இடம்பெற்றது. ஏறத்தாழ 10,500 ரேடியோ கார்பன் ஆண்டுகள் என்று வந்தது.

'ரேடியோ கார்பன் ஆண்டு' என்பது நாட்காட்டி ஆண்டு அல்ல. வளிமண்டலத்தில் கார்பன்-14 அளவு எல்லாக் காலத்திலும் ஒன்றாக இருந்ததில்லை. மரவளையங்களையும் ஏரிப் படிவுகளையும் வைத்துத் திருத்தினால்தான் உண்மை வயது கிடைக்கும். 11,000 ரேடியோ கார்பன் ஆண்டு என்றால் நாட்காட்டியில் ஏறத்தாழ 12,900. பழைய கட்டுரைகளையும் புதியவற்றையும் சேர்த்துப் படிக்கிறவர்கள் இந்த இரண்டாயிரம் ஆண்டு இடைவெளியில் வழுக்கி விழுவது வழக்கம். செய்தித்தாள்கள் இன்னும் விழுந்துகொண்டிருக்கின்றன.

ஜிப்சம் குகை இன்னொரு பாடத்துக்கும் இடம். 1930-இல் மார்க் ஹாரிங்டன் அங்கே அகழ்ந்தார். அவருடைய முகாமில் அலுவல் வேலை பார்க்க வந்திருந்த, அமெரிக்கப் பூர்வகுடியைச் சேர்ந்த பெர்த்தா பார்க்கர், பாறை இடுக்கில் நுழைந்து ஸ்லாத் மண்டையோட்டைக் கண்டெடுத்தார். லத்தி அடுக்குகளோடு கலந்து மனிதர் செய்த மர ஈட்டித் தண்டுகளும் கிடைத்தன. இரண்டும் ஒரே இடத்தில் கிடக்கின்றன, ஆகவே மனிதரும் ஸ்லாத்தும் ஒரே காலம் என்று ஹாரிங்டன் முடிவு செய்தார். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. 1970-இல் ஈட்டித் தண்டுகளையே ரேடியோ கார்பனுக்கு அனுப்பினார்கள். வந்த விடை: ஏறத்தாழ 2,900, 2,400 ஆண்டுகள். ஸ்லாத் போய்ப் பல ஆயிரம் ஆண்டு கழித்து வந்த மனிதர்களின் பொருள்கள் அவை. எலியும் அணிலும் குடைந்து, பாறை சரிந்து, குகைத் தரை கலைந்து கலைந்து அடுக்குகள் மாறிப்போயிருக்கின்றன. பக்கத்தில் கிடந்தது என்பது காலத்துக்குச் சாட்சியாகாது.

நேரடியாக எலும்பையே அளந்துவிட்டால் தீர்ந்ததா? அதுவும் இல்லை. அர்ஜென்டினாவின் பம்பாஸ் சமவெளியில் கம்போ லபோர்தே என்று ஓர் இடம். பழைய சதுப்பின் ஓரத்தில் மெகாதேரியம் எலும்புகளும் கற்கருவிகளும் சேர்ந்து கிடைத்தன. எலும்பிலுள்ள புரதமான கொலாஜனை அளந்தபோது கிடைத்த வயதுகளில் சில 10,000-க்கும் கீழே இறங்கின. பனியுகம் முடிந்தபின்னும் பம்பாஸில் மெகாதேரியம் பல ஆயிரம் ஆண்டு தாக்குப்பிடித்தது, அது ஒரு புகலிடம் என்று எழுதினார்கள். குஸ்தாவோ பொலிதிஸ் குழு 2019-இல் அதே இடத்தை மறுபடி அளந்தது. சதுப்பு மண்ணில் தாவரங்கள் மக்கி உண்டான ஹியூமிக் பொருள்கள் எலும்புக்குள் ஊறி, கொலாஜனோடு ஒட்டிக்கொண்டு, வயதைக் குறைத்துக் காட்டியிருந்தன. கொலாஜனை அமினோ அமிலங்களாகப் பிரித்துச் சுத்தம் செய்து அளந்தால் ஏறத்தாழ 12,600 ஆண்டு என்று வந்தது. புகலிடக் கதை அங்கே முடிந்தது. அதே சமயம் மனிதர் மெகாதேரியத்தை வேட்டையாடி அறுத்ததற்கான சான்று முன்பைவிட வலுவானது.

கலப்படம் எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு ஒரு கணக்கு. 11,000 ஆண்டுப் பழைய எலும்பில் பத்தில் ஒரு பங்கு இன்றைய கார்பன் கலந்தால், கருவி ஏறத்தாழ 9,000 என்று காட்டும். எலும்பு 50,000 ஆண்டுப் பழையதாக இருந்தால் நூற்றில் ஒரு பங்கே போதும், பத்தாயிரம் ஆண்டுக்கு மேல் காணாமல் போய்விடும்.

உணவுக்கு வருவோம். லத்தியில் கண்ணுக்குத் தெரியாத ஒன்றும் இருக்கிறது: டி.என்.ஏ. 1990களில் பழைய லத்தியிலிருந்து அதை எடுக்க முயன்று பலரும் தோற்றார்கள். ரொட்டியும் இறைச்சியும் வறுபடும்போது சர்க்கரையும் புரதமும் பின்னிக்கொண்டு பழுப்பாகுமே, அதே வினை குளிர்ந்த குகையிலும் மிக மெதுவாக நடந்து டி.என்.ஏ.வைச் சிறைப்படுத்தியிருந்தது. 1998-இல் ஹென்ட்ரிக் பொய்னரும் கூட்டாளிகளும் அந்தப் பின்னலை அறுக்கும் ஒரு வேதிப்பொருளைச் சேர்த்தார்கள். ஏறத்தாழ 20,000 ஆண்டுப் பழைய ஜிப்சம் குகை லத்தியிலிருந்து ஸ்லாத்தின் டி.என்.ஏ.வும் அது தின்ற செடிகளின் டி.என்.ஏ.வும் வெளியே வந்தன.

இரண்டு ஆண்டு கழித்து மைக்கேல் ஹாஃப்ரைட்டரும் மற்றவர்களும் 11,000, 20,000, 28,500 ரேடியோ கார்பன் ஆண்டுப் பழமையுள்ள உருண்டைகளை ஒப்பிட்டார்கள். குகையைச் சுற்றி இன்று வளரும் 99 செடிகளின் டி.என்.ஏ.வையும் சோதித்து, தங்கள் முறை எவ்வளவு சரியாக அடையாளம் காட்டுகிறது என்று முதலில் பார்த்துக்கொண்டார்கள். இந்த அடக்கம் எனக்குப் பிடிக்கும். செடியின் இனம் வரை போக முடியவில்லை, குடும்பம் அல்லது வரிசை மட்டத்தில் நிற்க வேண்டியிருந்தது. அப்படி 13 தாவரத் தொகுதிகள் கிடைத்தன. மரம், செடி, புல் எல்லாமே மேய்ந்திருக்கிறது. கடைசிக் காலத்தில், அதாவது 11,000 வாக்கில், சுற்றுப்புறம் முன்பைவிட வறண்டிருந்தது தெரிந்தது. அதே வறண்ட காலத்தில் நீர்நிலைகளுக்கு அது அடிக்கடி போனதாகவும் லத்தி காட்டுகிறது. வறட்சி கூடக் கூடத் தண்ணீர் இருக்கும் இடத்தைத் தேடித் தேடிப் போயிருக்கும் என்று வாசிப்பதுதான் இயல்பு.

லத்தி கிடைக்காத இடத்தில் பல்லைப் பிடிக்க வேண்டும். இங்கே ஒரு தொல்லை. மற்ற பாலூட்டிகளின் பல்லை மூடியிருக்கும் கெட்டியான எனாமல் ஸ்லாத்துக்குக் கிடையாது. வேதியியலாளர்கள் நம்பி வேலை செய்வதே எனாமலை வைத்துத்தான், அது மண்ணுக்குள் எளிதில் மாறாது என்பதால். ஸ்லாத் பல்லோ மண்ணின் தாதுக்களை உறிஞ்சிக்கொள்ளும். ஆனால் அந்தப் பல்லுக்கு ஒரு நற்குணம், வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும்.

2014-இல் பெலிஸ் நாட்டின் காரா பிளாங்கா நீர்க்குழியில் மாயா நாகரிகப் பொருள்களைத் தேடி மூழ்கியவர்கள் எரெமோதேரியம் என்ற ராட்சத ஸ்லாத்தின் பல் துண்டைக் கண்டார்கள். வயது ஏறத்தாழ 27,000 ஆண்டு. ஜீன் லார்மன் தலைமையிலான குழு, எலக்ட்ரான் கற்றை பட்டால் மாறிப்போன பகுதி ஒளிரும் தன்மையைப் பயன்படுத்தி, பல்லில் எது பழையபடி இருக்கிறது, எது மண்ணோடு கலந்துவிட்டது என்று பிரித்தது. பழுதில்லாத பகுதியில் வளர்ச்சித் திசையில் வரிசையாகச் சுரண்டியெடுத்துக் கார்பன், ஆக்சிஜன் ஐசோடோப்புகளை, அதாவது ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுவகைகளை, அளந்தார்கள். ஆக்சிஜன் மழையைச் சொல்லும். கார்பன் மேய்ச்சலைச் சொல்லும், ஏனென்றால் வெப்பநிலப் புற்களும் சோளமும் கார்பனைப் பிடிக்கும் வழி வேறு, மரம் செடிகளின் வழி வேறு. நீண்ட வறண்ட பருவம் ஒன்று, அதன் இருபுறமும் குறுகிய மழைக்காலம் என்று ஓராண்டே பல்லில் வரைந்திருந்தது. இன்று காடாக இருக்கும் அந்த இடம் அன்று அப்படி இல்லை. பருவத்துக்கு ஏற்றபடி தீனியை மாற்றிக்கொண்டு அது பிழைத்திருக்கிறது.

இந்தக் கார்பன் முறையைப் பாலைவனத்தில் அப்படியே பயன்படுத்த முடியாது. கள்ளி, கற்றாழை போன்றவை மூன்றாவது வழியில் கார்பனைப் பிடிக்கின்றன. அவற்றை மேய்ந்த விலங்கு வேதியியலில் புல் தின்றது போலவே தோன்றக்கூடும்.

இனி வருவது இந்தத் துறையின் மிகச் சுவையான முரண்பாடு. சிலியின் தென்கோடியில் உல்திமா எஸ்பெரான்சா என்ற இடத்துக் குகையில் 1895-இல் ஹெர்மன் எபர்ஹார்ட் ஒரு தோலைக் கண்டார். முடி அப்படியே இருந்தது. உள்ளே பருப்பு பதித்தாற்போல் சிறு எலும்பு மணிகள். நேற்று உரித்தது போலப் புதிதாகத் தெரிந்ததால், விலங்கு இன்னும் உயிரோடு திரிகிறது என்று அர்ஜென்டினாவின் புளோரெந்தினோ அமெகினோ 1898-இல் எழுதினார். லண்டனின் ஒரு நாளிதழ் அதைத் தேட ஆளையே அனுப்பியது. கிடைத்தால்தானே. குளிரும் உலர்வும் காத்த அந்தத் தோலின் வயது 13,000 ஆண்டுக்கு மேல் என்று பின்னால் ரேடியோ கார்பன் சொல்லிவிட்டது. விலங்கின் பெயர் மைலோடன்.

அந்தக் குகை லத்தியை நுண்ணோக்கியில் பார்த்தால் புல்லும் கோரையும்தான். சரி, புல் மேய்ந்தது என்று கோப்பை மூடினார்கள். 2021-இல் பெரு நாட்டைச் சேர்ந்த ஹூலியா டெஹாடாவும் உடனிருந்தவர்களும் மைலோடன் முடியை எடுத்து நைட்ரஜன் ஐசோடோப்பை அளந்தார்கள். உணவுச் சங்கிலியில் ஒரு படி ஏறினால் கனமான நைட்ரஜன் கொஞ்சம் கூடும் என்பது பழைய விதி. ஆனால் வறண்ட மண்ணும் எருவும்கூட அதைக் கூட்டிவிடும். ஆகவே மொத்தமாக அளக்காமல் அமினோ அமிலங்களைத் தனித்தனியே பிரித்தார்கள். குளூட்டாமிக் அமிலம் ஒவ்வொரு படியிலும் நன்றாக ஏறும், பினைல்அலனின் கிட்டத்தட்ட ஏறவே ஏறாது. பின்னது நிலத்தை மட்டும் சொல்கிறது, முன்னது நிலத்தோடு உணவையும் சேர்த்துச் சொல்கிறது. கழித்துப் பார்த்தால் உணவு மிஞ்சும். உணவு இன்னதென்று தெரிந்த இன்றைய பாலூட்டிகளோடு ஒப்பிட்டபோது, சாஸ்தா ஸ்லாத் தழை தின்னிகளோடு நின்றது. மைலோடன் நிற்கவில்லை. அது விலங்குப் புரதமும் தின்றிருக்கிறது.

அப்படியானால் லத்தி பொய் சொன்னதா? இல்லை. புல்லின் தோல் குடலைக் கடந்தும் தப்பும், கறியும் முட்டையும் கரைந்துவிடும். லத்தி எது தப்பியதோ அதை மட்டும் காட்டுகிறது, அதுவும் சில நாள் கணக்கில். முடி மாதக்கணக்கில் உடம்பில் சேர்ந்ததைக் காட்டுகிறது. புல்வெளியில் மேய்ந்தபடி, செத்த விலங்கு கிடைத்தால் விடாமல் தின்ற ஒன்றை மனத்தில் வரைந்தால் இரண்டு சாட்சியும் பொருந்திப் போகும். வேட்டையாடியது என்று இதை வைத்துச் சொல்லத் துணிகிறவர்கள் அவசரப்படுகிறார்கள். மெகாதேரியமும் பிணம் தின்றிருக்கலாம் என்று, அதன் முழங்கையின் விசையை வைத்து, 1990களில் ஒரு வாதம் எழுந்தது. அதன் எலும்புகளை ஐசோடோப்பு முறையில் பார்த்த 2017 ஆய்வோ, முழுச் சைவம் என்றது.

வாழிடத்தைப் பற்றி மட்டும் பேசும் சாட்சிகளும் உண்டு. எக்வடோரின் தாங்கே லோமாவில் தார் ஊறிய பழைய குட்டையொன்றில் 22 எரெமோதேரியங்களாவது ஒன்றாகக் கிடந்தன, பெரியவையும் குட்டிகளும். நீர்யானைக் கூட்டம் போலச் சேற்றில் புரள ஒன்றுசேர்ந்தவை அவை என்று ஆய்வாளர்கள் எண்ணுகிறார்கள். பெருவின் பாலைவனக் கடற்கரையில் இன்னொரு விந்தை: தலாஸ்ஸோக்னஸ் என்ற ஸ்லாத், கடலில் இறங்கிப் பாசியும் கடற்புல்லும் மேய்ந்தது. பிந்திய இனங்களில் எலும்பு கனத்துக்கொண்டே போகிறது, நீரில் அமிழ்ந்து மேய அது உதவியிருக்கும். முந்தியவற்றின் பல்லில் மணல் கீறல்கள், கரையோரம் மேய்ந்ததன் தடம். அவை பல பத்து இலட்சம் ஆண்டுப் பழமை என்பதால் கார்பன்-14 எட்டாது. அடுக்குகளுக்கு இடையே படிந்த எரிமலைச் சாம்பலைத்தான் அளக்க வேண்டும்.

மறுபடியும் ராம்பார்ட் குகை. அந்த லத்தியை வைத்துப் பால் மார்ட்டின் என்ற ஆய்வாளர் பெரிய வாதம் ஒன்றைக் கட்டினார். ஸ்லாத் தின்ற குளோப்மாலோவும் எபெட்ராவும் இன்றும் குகை வாசலுக்கு வெளியே வளர்கின்றன. உணவு அங்கேயே இருக்கிறது, உண்டது மட்டும் இல்லை. ஆகவே தட்பவெப்பம் கொல்லவில்லை, மனிதர் கொன்றார்கள் என்றார். கேட்டவுடன் தலையாட்ட வைக்கும் வாதம். ஆனால் அதே பள்ளத்தாக்கில் பேக்ராட் என்ற எலிகள் சுள்ளியும் இலையும் சேர்த்து, மூத்திரம் காய்ந்து பிசினாக இறுகிய பழைய கூடுகள் இருக்கின்றன. அவற்றில் ஜூனிபர் மரத்தின் துணுக்குகள் கிடைக்கின்றன. இன்று உயரமான மலைச்சரிவுகளில் மட்டும் வளரும் அது, அன்று குகை மட்டம் வரை இறங்கியிருந்தது. தின்ற செடி இருக்கிறது என்பதால் அது வாழ்ந்த நிலம் அப்படியே இருக்கிறது என்று ஆகிவிடாது. நிழல், குளிர், தண்ணீர் எல்லாம் சேர்ந்ததுதான் வாழிடம். லத்தி அதில் பாதியைத்தான் சொல்கிறது.

மார்ட்டினுக்கு வலுவான துணை லத்தியிலிருந்து வரவில்லை, தீவுகளிலிருந்து வந்தது. வட அமெரிக்கப் பெருநிலத்தில் ஸ்லாத்துகளின் கடைசி ரேடியோ கார்பன் வயதுகள் 11,000 வாக்கிலும், தென் அமெரிக்காவில் 10,500 வாக்கிலும் நிற்க, கரீபியத் தீவுகளில் 4,400 வரை வருகின்றன. டேவிட் ஸ்டெட்மன் குழு 2005-இல் இதைத் தொகுத்துக் காட்டியது. பனியுகம் முடிந்த மாற்றத்தைத் தீவு ஸ்லாத்துகளும்தான் சந்தித்தன, ஆனால் போகவில்லை. தீவுகளுக்கு மனிதர் வந்தது மிகப் பிந்தித்தான். 2007-இல் கியூபாவின் மெகலோக்னஸ் என்ற தரை ஸ்லாத்தின் புதைபடிவம் ஒன்றுக்கு 4,190 ரேடியோ கார்பன் ஆண்டு என்று வயது கிடைத்தது. திருத்திப் பார்த்தால் ஏறத்தாழ 4,700 ஆண்டு, சிந்துவெளியில் நகரங்கள் எழத் தொடங்கும் தறுவாய். அதற்கு முன்பே கியூபாவில் மனிதர் குடியேறியிருந்தார்கள்; ஆகவே வேட்டைக்காரர்கள் வந்து இறங்கிய வேகத்தில் எல்லாவற்றையும் தீர்த்துவிடவில்லை, பல நூறு ஆண்டு ஸ்லாத்துகளோடு ஒரே தீவில் இருந்திருக்கிறார்கள் என்பதும் அதிலிருந்தே தெரிகிறது.

அந்த 4,190-உம் கடைசி மெகலோக்னஸின் வயது அல்ல. நமக்குக் கிடைத்தவற்றில் கடைசியானதன் வயது. வெப்ப மண்டல ஈரத்தில் கொலாஜன் சீக்கிரம் கரைந்துவிடுவதால் கியூபாவில் அளக்கத் தகுந்த எலும்பே அரிது. அடுத்து ஒரு குகையில் இன்னொரு துண்டு கிடைக்கும்போது அந்த எண் இன்னும் கீழே இறங்கலாம்.